அப்பாவின் பெயரில் என் ஈரல்

என் ஈரல் மிக நல்ல ஈரல். பெருமைக்குச் சொல்லவில்லை, மெஷின் வைத்துப் பார்த்துத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளில் என் பெயர் இல்லை, அப்பாவின் பெயர் இருந்தது. நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றித்தான்.

எங்கள் ஆட்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டம் ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிறது. நான் பெரகல சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் யாரையும் நான் சும்மா விட்டதில்லை. கல்யாணம் பேசப் போகிறவர், கல்யாணம் முறிந்து வருகிறவர், எல்லோருக்கும் என் வாயில் ஏதாவது ஒன்று கிடைக்கும். நான் ஒரு விஷயத்தை நேராகச் சொன்னால்கூட ஆட்கள் முதலில் சிரித்துவிட்டுத்தான் கேட்பார்கள்.

எங்கள் தோட்டத்தில் ஆளுக்கு ஆள் நிற்பது ஒரு பழக்கம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அக்கா அம்மாவின் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மாவின் நிரையில் நின்று கொழுந்து பறிப்பாள். கங்காணி பார்ப்பார். பார்த்துவிட்டு அம்மாவின் பெயருக்கு நேரே வந்ததாகக் குறித்துக்கொள்வார். யாரும் இதை ஏமாற்று வேலை என்று நினைத்ததில்லை. யார் கை பறித்தது என்று கொழுந்தில் எழுதியா இருக்கிறது? சங்கக் கூட்டத்துக்கும் கோயில் கூட்டத்துக்கும் சாவு வீட்டுக்கும் அப்படித்தான். ஒரு வீட்டிலிருந்து ஒரு ஆள் போனால் அந்த வீடே போன மாதிரி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், கங்காணி ஒரு பட்டியலை வாசித்தார். தோட்டத்து மருந்துக் காம்பராவில் சீனி வியாதிக்கு மாத்திரை எடுப்பவர்களின் பெயர்கள். கம்பஸிலிருந்து, அதாவது பல்கலைக்கழகத்திலிருந்து, ஆட்கள் வருகிறார்களாம். ஈரலைப் பார்க்கிற புது மெஷின் ஒன்றைச் செய்திருக்கிறார்களாம். வியாழக்கிழமை பிள்ளைக் காம்பராவுக்கு வர வேண்டுமாம். கொழுந்துக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. பட்டியலில் அப்பாவின் பெயரும் இருந்தது.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்குச் சீவிவிடும் வேலை. புதன்கிழமை சாயந்தரம் கத்தியைத் தீட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"நாளைக்கு நீ போயிட்டு வந்துரு."

"நானா? எனக்குச் சீனி இல்லியே."

"இருக்கா இல்லியான்னு ஒன்னையக் கேக்கவா போறாங்க? படுக்கச் சொன்னா படு. எந்திரிக்கச் சொன்னா எந்திரி."

"ஈரலப் பாப்பாங்களாம்ப்பா."

"பாக்கட்டும். ஒன் ஈரலு எங்கருந்து வந்துச்சு? நாங் குடுத்ததுதானடா?"

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "அவரு போனா குடிக்காதீங்கன்னு சொல்லிப்புடுவாங்கல்ல? அதான் மகன அனுப்புறாரு."

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா கெட. மலையில பாதி கவ்வாத்து அப்படியே நிக்குது."

இரண்டுமே உண்மைதான். கவ்வாத்தும் பாதியில் நின்றது, அப்பாவின் குடியும் அம்மாவுக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம் அதிகம். எனக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஒரு நாள் ஆட்டோவை நிறுத்திவிட்டு நாலு பேரைக் கலாய்க்கலாம் என்றுதான் போனேன்.

பிள்ளைக் காம்பரா வாசலில், அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மேசை போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் அடையாள அட்டையை நீட்டினேன். அதில் இருந்தது அப்பாவுக்கு முப்பது வயதில் எடுத்த படம். அப்பாவைவிட அது என்னைப் போலத்தான் இருந்தது. அக்கா அட்டையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"வயசு?"

"அம்பத்தொண்ணு."

"புள்ளைங்க?"

"ரெண்டு. மூத்தவ தங்கம். எளையவன் ஒரு கழுத, பெரகலையில ஆட்டோ ஓட்டுறான்."

"ஆமாங்கய்யா, நானும் கேள்விப்பட்டேன். சந்தியில ரொம்ப வாய் காட்டுறானாமே," என்று சிரித்தபடி எழுதிக்கொண்டார். எனக்கு முன்னால் வரிசையில் உட்கார்ந்திருந்தது அவருடைய தம்பி. அவன் வந்தது அக்காவின் புருஷனுக்குப் பதிலாக. அவரும் கவ்வாத்துக்காரர்தான், அப்பாவோடு ஒரே மலையில் நின்றார்.

பெயர் எழுதியதும் கையில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஒரு நம்பரையும் ஒட்டிவிட்டார்கள். மெஷின் வைத்திருப்பவருக்குப் பெயரும் வயதும் தெரியக்கூடாதாம். தெரிந்தால் ஆளைப் பார்த்தே ஈரலை முடிவுகட்டிவிடுவார்களாம். நல்ல ஏற்பாடு. எங்களுக்கென்றே செய்தது போல் இருந்தது.

திரைக்குப் பின்னால் ஒரு மிஸ் இருந்தார். பண்டாரவளைப் பக்கத்து முஸ்லிம் பெண், என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். டாக்டர் இல்லை, இன்ஜினியர். அவர் பேச்சில் 'இருந்தா' என்பது 'ஈந்தா' என்று வரும். அந்த மெஷினைக் கம்பஸில் கூட இருந்த இரண்டு பேரோடு சேர்ந்து அவரே செய்தாராம். சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் கட்டைவிரல் போல ஒரு முனை. என்னைப் படுக்கவைத்து வலது விலாவில் குளிராக எதையோ தடவினார்.

"இது சின்னதாத் தட்டும், தம்பி. தட்டினா ஒரு அதிர்வு ஈரலுக்குள்ளால ஓடும். ஈரல் மெத்தெண்டு ஈந்தா ஆறுதலா ஓடும். இறுகிப் போயிருந்தா வேகமா ஓடும். அந்த வேகத்த வெச்சி இறுக்கம் எவ்வளவுண்டு மெஷின் சொல்லும்."

"பலாப்பழத்தத் தட்டிப் பாக்குற மாதிரி."

"அதே மாதிரித்தான். ஆனா நாங்க பழுக்க முந்தியே கண்டுபுடிக்கணும்." பிறகு பொறுமையாகச் சொன்னார். ஈரல் புற்றுநோய் பெரும்பாலும் இறுகிப்போன ஈரலில்தான் வருமாம். வந்தாலும் கடைசி வரை வலிக்காதாம். யாருக்கு இறுகியிருக்கிறது என்று தெரிந்தால் அவர்களை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேனுக்குக் கூப்பிட்டு, கட்டி கடலை அளவில் இருக்கும்போதே பிடித்துவிடலாமாம். ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரிய மெஷினை இந்த மலைக்குத் தூக்கி வர முடியாது, அதனால்தான் இதைச் செய்தோம் என்றார். எங்களைப் போல நிறையப் பேரின் ஈரலைப் பார்த்துத்தான் இதுவும் படிக்கிறதாம்.

"என்னைய விட நல்லாப் படிக்குமா மிஸ்?"

"நீங்க எது வரைக்கும் படிச்சீங்க?"

"அது பெரிய சோகக் கதை. மொதல்ல தட்டுங்க."

தட்டினார். கூசியது. நான் சிரித்தேன். வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டியும் சிரித்தேன். "சிரிக்காதீங்க, ரீடிங் பிழையா வரும்" என்றார். இரண்டாம் தடவையும் சிரித்தேன். நாலாவது தடவைதான் சரியாக வந்தது. அவர் கோபப்படாமல் நம்பருக்குப் பக்கத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். நான் எழுந்து போகும்போது வரிசையில் இருந்தவர்களிடம், "உள்ள உசுரோட ஈரல எடுக்கிறாங்க, ஓடிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

இரண்டு வாரத்தில் தாள் வந்தது. ஈரல் மிருதுவாக இருக்கிறது, பயமில்லை, ஸ்கேன் தேவையில்லை என்று மூன்று மொழியிலும் இருந்தது. அப்பா அதைப் பொலித்தீன் பையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாராயத் தவறணையில் எடுத்துக் காட்டுவாராம். "இந்தா பாரு, கம்பஸ்காரனே எழுதிக் குடுத்துட்டான்" என்பாராம். முன்பெல்லாம் அம்மா, "ஈரலு வெந்துபோகும்" என்று ஏசுவார். தாள் வந்த பிறகு அம்மாவின் வாய் அடைத்துப் போனது. நானும் கூட்டுத்தான். அப்பா கிளாஸை எடுக்கும்போது, "மெதுவா குடிங்க, அது என் ஈரலு" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். யாருடைய ஈரல் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, நாளாக ஆக, தாளில் இருந்ததை நாங்களே நம்பிவிட்டோம்.

ஆறு மாதம் கழித்து இறுகிய ஈரல்காரர்களை ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவைக் கூப்பிடவில்லை. அடுத்த ஆறு மாதத்திலும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த தடவையும் இல்லை.

அப்பா மெலிந்தார். கவ்வாத்து வெட்டுகிறவன் மெலியத்தானே செய்வான் என்று விட்டோம். பிறகு வயிறு மட்டும் வந்தது. "மாசம் எத்தன?" என்று நான்தான் கேட்டேன். கண் மஞ்சளானபோது பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் சிங்களத்தில் சொன்னார். ஆட்டோ ஓட்டியதில் எனக்கு வந்த ஒரே படிப்பு சிங்களம். ஈரல் முழுக்க இறுகிவிட்டது, அதற்குள்ளே ஒரு கட்டி என்றார். விரலை வளைத்து ஒரு தோடம்பழ அளவு காட்டினார். சின்னதாக இருக்கும்போது வந்திருந்தால் ஊசியை உள்ளே விட்டுச் சூடாக்கிச் சுட்டிருப்போம், முடிந்திருக்கும். இப்போது சுடவும் முடியாது, வெட்டவும் முடியாது. மிச்ச ஈரல் தாங்காது. தொடை நரம்பு வழியாக ஒரு குழாயை ஈரல் வரைக்கும் கொண்டுபோய், கட்டிக்கு மட்டும் மருந்தைக் கொடுத்து, அதற்குப் போகும் ரத்தத்தை அடைத்துப் பார்க்கலாம். அதில் கட்டி போகாது, வளர்வது கொஞ்சம் நிற்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் வளர்ந்த கட்டியாக இருக்கும் என்றும் சொன்னார்.

"என்னாடா சொல்றாரு?" என்றார் அப்பா.

"கட்டியாம். தொடையில கொழாய் வச்சு மருந்து குடுப்பாங்களாம்."

"ஈரலுக்குத் தொடையிலயா? ஒன்னைய மாதிரியே வெளையாட்டுக்காரனா இருப்பான் போல."

நான் மற்றதைச் சொல்லவில்லை.

மருந்து கொடுத்த இரண்டாம் நாள் அந்த மிஸ் வார்டுக்கு வந்தார். அந்த மெஷினில் பார்த்த ஆட்களில் யாருக்காவது நோய் வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து கம்பஸுக்கு அறிவிப்பார்களாம். கையில் ஒரு கோப்பு. நான் மாஸ்க் போட்டுக்கொண்டு கட்டில் ஓரமாக நின்றேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பாவிடம் குனிந்து பேசினார்.

"ஐயா, உங்கட ரீடிங் நல்லா ஈந்திச்சி. அப்ப எடுத்த ரத்தத்திலயும் ஒண்டுமில்ல. எப்படி இவ்வளவு கெதியா இப்படி ஆகினதுண்டு எங்களுக்கு விளங்கல்ல. மூணு வாரமா மெஷினக் கழட்டிக் கழட்டிப் பாக்கிறம். ஒரு விஷயம் கேக்கணும். அண்டைக்கு நீங்க சிரிச்சிட்டே ஈந்தீங்கண்டு நான் குறிச்சி வெச்சீக்கிறன். நாலு தரம் எடுத்தீக்கிறன். சிரிச்சதாலதான் பிழையா வந்திச்சோண்டு நினைக்கிறன். ஞாபகம் ஈக்கா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தார்.

"ஆமாங்க மிஸ். எனக்கு ரொம்பக் கூச்சம்ங்க. சின்னதுலருந்தே அப்படித்தான்."

"பரவாயில்ல ஐயா. பிழை உங்கட இல்ல, எங்கடதான். அந்த முனைய மாத்தணும்." எழுதிக்கொண்டார்.

எங்கப்பாவுக்குக் கூச்சமே கிடையாது. காலில் அட்டை ஏறினால்கூடத் தெரியாமல் வேலை செய்கிறவர். அந்த ஒரு பொய்யை அவர் எனக்காகச் சொன்னார், தன் பெயரைக் கொடுத்த மாதிரியே சாதாரணமாக.

மிஸ் வராந்தா முனைவரை போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன்.

"மிஸ், சிரிச்சது நாந்தான்."

திரும்பிப் பார்த்தார். மாஸ்க்கைக் கழற்றினேன்.

"அப்பா பேருக்கு நான் வந்து படுத்தேன். ரத்தமும் என்னுது. ஒங்க மெஷின்ல ஒண்ணும் பிழையில்ல."

அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. நிம்மதி. அதை நான் பார்த்தேன். செய்த மெஷின் பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி ஒரு கணம் வந்து நின்றது. நான் அதைப் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவர் கோப்பைத் திறந்து தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

"ஏன் தம்பி?" என்றார்.

"எங்க தோட்டத்துல அப்படித்தான் மிஸ். ஒருத்தருக்கு ஒருத்தர் நிப்போம்."

"ஈரலுக்குமா?"

நான் மாஸ்க்கை மடித்துப் பையில் வைத்தேன்.

"அப்ப வேற யார் யார்?"

பிள்ளைக் காம்பரா அக்காவின் தம்பி ஞாபகம் வந்தான். வரிசையில் இருந்த இன்னும் சில முகங்களும். எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர். அத்தனை வீட்டிலும் பயமில்லை என்று எழுதிய தாள் இருக்கிறது, வேறு யாரோ ஒருவரின் ஈரலைப் பார்த்து எழுதியது. அடுத்த சனிக்கிழமை மெஷினோடு வருகிறேன், உங்கட ஆட்களுக்கு நீங்களே சொல்லுங்க என்றார் மிஸ்.

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள் காலையில் பெரட்டுக் களத்துக்குப் போனேன். எல்லோரும் சாக்கும் கத்தியுமாக நின்றார்கள். "அன்னைக்கு ஆள் மாறிப் படுத்தவங்க தாளெல்லாம் செல்லாது. அசல் ஆளு சனிக்கிழமை வரணும்" என்று சத்தமாகச் சொன்னேன். கொழுந்துக்காரப் பெரியம்மா ஒருவர் ஆரம்பித்தார்.

"அப்ப என் ஈரலு இப்ப யாருக்கிட்டடா இருக்கு? கண்டா வீட்டுக்கு வரச் சொல்லு."

களமே சிரித்தது. "காலையிலயே ஊத்திட்டியா?" என்றார் இன்னொருவர். "அப்பன் படுத்துக் கெடக்கான், இவனுக்கு இன்னும் வெளையாட்டு போகல" என்றார் கங்காணி. நான் சத்தியம் பண்ணினேன். சத்தியத்துக்கும் சிரித்தார்கள். அவர்கள்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் இருபத்து மூன்று வருடமாக அவர்களை இப்படிப் பழக்கியது நான்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா கஞ்சியை வைத்துவிட்டு, "நாளைக்கு என்னைய ஆட்டோவுல ஏத்து" என்றார். அம்மா வேண்டாம் என்றார். அப்பா கேட்கவில்லை.

மறுநாள் ஆட்டோவைக் களத்துக்குள்ளேயே விட்டேன். அப்பா இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கை குச்சி, கால் குச்சி, நடுவில் அந்த வயிறு. கண் மஞ்சள் வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

"இவன் வெளையாட்டுக்குச் சொல்லல. நாந்தான் இவனப் போகச் சொன்னேன். எம் பேருக்குப் படுத்தான். எம் பேரு நல்லாத்தான் இருக்கு. நான்தான் இப்படி இருக்கேன். பாத்துக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. கங்காணி தலையைக் குனிந்துகொண்டு, "நேரமாவுது, மலைக்குப் போங்க" என்றார். எல்லோரும் போனார்கள்.

சனிக்கிழமை நாலு பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் தங்களிடம் நல்ல தாள் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மிஸ் இந்தத் தடவை அட்டையையும் முகத்தையும் தானே ஒப்பிட்டுப் பார்த்தார். கடைசியாக வந்தவர் பிள்ளைக் காம்பரா அக்காவின் புருஷன். மெஷின் அவருக்கு மூன்று தடவையும் ஒரே மாதிரிதான் காட்டியது. நன்றாக இறுகிவிட்டது. கட்டி இருக்கிறதா என்று பதுளைக்குப் போய் ஸ்கேன் பார்க்க வேண்டும், திங்கட்கிழமையே போங்க என்றார் மிஸ்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "நீ வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா நான் நல்லா இருந்திருப்பேன்டா நாயே," என்றார். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை அவரைப் பதுளைக்கு ஏற்றிப் போனவன் நான்தான். அப்பாவுக்கு இரண்டாம் தடவை மருந்து ஏற்ற ஈரல் தாங்குமா என்று ரத்தம் பார்த்திருந்தார்கள், அந்த முடிவையும் அன்றைக்குத்தான் வாங்க வேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பெரகலையில் திட்ட ஆரம்பித்தவர் அப்புத்தளையில் நிறுத்தவில்லை, பண்டாரவளையிலும் நிறுத்தவில்லை. என் வாயை, என் வளர்ப்பை, என் ஆட்டோவை, மெஷின் செய்தவளை, எல்லாவற்றையும் திட்டினார். ஹாலிஎல தாண்டியதும் தொண்டை கட்டிப்போய் நிறுத்தினார். அப்பா இதுவரை என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. இந்த ஆள் அப்பாவின் பெயருக்கு ஏசுவது போல் இருந்தது. நான் ஓரமாக நிறுத்தி அவருக்குத் தண்ணீர் போத்தலைக் கொடுத்தேன். குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். நான் வண்டியை எடுத்தேன்.